ஆன் ஆகாத கணினி: ‘போஸ்ட்’டுக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிப் பழுதுபார்ப்புக் கையேட்டில் ‘போஸ்ட்’ (ஆன் செய்ததும் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்வது) வரும் இடங்களை எல்லாம் காலியாக விட்டு, தமிழ்ச் சொல் கேட்டு உங்களுக்கு அனுப்பியிருந்தேன். இதுவரை வந்த சொற்கள்: மின்னூட்டத் தற்சோதனை, திறனேற்றுச் சரிபார்ப்பு, தொடக்கச் சோதனை, விழிப்புச் சோதனை. ‘போஸ்ட்’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கோவை நண்பர் எழுதியிருக்கிறார். என் தேர்வு ‘தற்சோதனை’. கூடவே ‘தேறு’ என்ற வினையும் வேண்டும். இந்தக் கையேடு ஐடிஐ முடித்துவிட்டு மன்னார்குடி, திருவாரூர், திருத்துறைப்பூண்டிக் கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கானது. அவர்கள் வாடிக்கையாளரிடம் போனில் சொன்னால் எதிர்முனையில் புரிய வேண்டும். அந்த அளவுகோலை வைத்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் பார்த்தேன்.

முதலில் ‘போஸ்ட்’. பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட் என்பதன் முதலெழுத்துகள் அவை என்பது நமக்குத் தெரியும். எங்கள் பக்கம் போஸ்ட் என்றால் கரண்ட் கம்பம், அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய பிறகு, போஸ்ட் விழுந்தது, போஸ்ட் நட்டாச்சு, எங்க தெருவுக்கு இன்னும் போஸ்ட் வரலை என்பதுதான் பல வாரங்களுக்கு ஊர்ப் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் போனில் “போஸ்ட்லயே நின்னுடுச்சு சார்” என்றால், கேட்பவர் வாசலுக்குப் போய் கம்பத்தைத்தான் பார்ப்பார். இரண்டுக்கும் மின்சாரத்தோடு உறவு இருப்பதால் குழப்பம் தீரவே தீராது. வேறு துறையாக இருந்தால் இரவல் சொல்லை நானே ஆதரிப்பேன்.

அடுத்தது இந்தச் சொல் நமக்கு ஏன் இவ்வளவு அவசியம் என்பது. கடைக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வது “ஆன் ஆகலை”. அந்த ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மின்சாரமே உள்ளே ஏறாமல் இருக்கலாம். மின்சாரம் ஏறியும் தாய்ப்பலகை (மதர்போர்டு) தன்னைத் தானே சோதித்து முடிக்காமல் இருக்கலாம். அதையும் முடித்துவிட்டு, இயங்குதளத்தை வட்டிலிருந்து ஏற்ற முடியாமல் இருக்கலாம். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் டெல்டா விவசாயி எடுத்த எடுப்பில் தன் மடையை வெட்ட மாட்டார். கல்லணையில் விட்டாச்சா, ஆற்றில் வந்ததா, வாய்க்காலில் ஏறியதா என்று தலைப்பிலிருந்து கேட்டுக்கொண்டு வருவார். கணினிக்கும் அந்த வரிசை இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருந்தால்தான் பையன் அந்த வரிசையில் நடப்பான்.

முதல் கட்டத்தை மல்ட்டிமீட்டரை வைத்தே முடித்துவிடலாம். பிளக்கைச் செருகி, பின்னால் இருக்கும் சுவிட்சைப் போட்டதுமே, கணினி ஆன் ஆகாமலே, தாய்ப்பலகையில் செருகும் 24 முனை கனெக்டரின் ஊதா வயரில் 5 வோல்ட் நிற்க வேண்டும். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருந்தால் சரி. அது இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோ (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அதற்கு முந்தையதோ தவறு. பிறகு பச்சை வயர். முன்பக்க பட்டனை அழுத்தியதும் அதில் இருந்த வோல்ட் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பட்டன், அதன் வயர், தாய்ப்பலகை இவற்றில் ஒன்று. புது எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் எல்லா வயரும் கறுப்பாகவே வருகின்றன. அப்போது நிறத்தை விட்டுவிட்டு முனை எண்ணைப் பார்க்க வேண்டும்: ஊதாவுக்கு 9, பச்சைக்கு 16. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்னோட்டமாக (டிசி) மாறும்போது, அதன் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

இரண்டாம் கட்டம் எங்கே தொடங்குகிறது என்பதற்குத் துல்லியமான எல்லைக்கோடே உண்டு. 12, 5, 3.3 வோல்ட்டுகள் மூன்றும் நிலைத்ததும் எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற வயர் வழியாக ‘எல்லாம் சரி’ என்று ஒரு சமிக்ஞை அனுப்பும். அதுவரை செயலி (பிராசசர்) ரீசெட் நிலையில் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். சமிக்ஞை வந்த பிறகுதான் பயாஸில் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) உள்ள கட்டளைகளைப் படிக்கத் தொடங்கி, செயலி, நினைவகம், வீடியோ, விசைப்பலகை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோதே இது இருந்தது. இந்தக் கட்டத்துக்குத்தான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்ப் பெயர் இல்லாததால் கடைகளில் இப்போது புழங்குவது ‘நோ டிஸ்ப்ளே’. எனக்கு இந்தச் சொல் மேல்தான் உண்மையான வருத்தம். அது நோயின் இடத்தைச் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. பையனின் கை நேராக மானிட்டருக்குப் போய்விடுகிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் உரக்கடைக் கணினியைப் பார்க்கப் போயிருந்தேன். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. யாரோ ‘நோ டிஸ்ப்ளே’ என்று சீட்டில் எழுதிக் கொடுக்க, கடைக்காரர் புது மானிட்டரே வாங்கி வைத்துவிட்டார். அப்போதும் கறுப்புதான். கேபினெட்டைத் திறந்து ரேமை (நினைவகப் பட்டையை) கழற்றினேன். பொன் முலாம் பூசிய பற்களின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. கடல் காற்று வரும் ஊர், மேசையைச் சுற்றி உர மூட்டைகள், வேறென்ன ஆகும்? பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, இரண்டு ஓரத்துக் கொக்கியும் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திச் செருகினேன். ஒற்றை பீப், திரை வந்துவிட்டது. பழைய மானிட்டரை மாட்டிப் பார்த்தோம், அதிலும் வந்தது. அந்தச் சீட்டில் ‘தற்சோதனை தேறவில்லை’ என்று எழுதியிருந்தால் மானிட்டர் காசு மிஞ்சியிருக்கும்.

விசிறி சுற்றினால் முதல் கட்டம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. செயலிக்கென்று தனியாக ஒரு 4 முனை அல்லது 8 முனை 12 வோல்ட் இணைப்பு உண்டு. அதைச் செருக மறந்தாலும் விசிறி பாட்டுக்குச் சுற்றும், தற்சோதனை தொடங்கவே தொடங்காது.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘மின்னூட்டம்’ என்றால் பள்ளி இயற்பியலில் வேறொன்று (சார்ஜ்). பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ‘திறனேற்று’ கேட்பவருக்கு எந்தப் படத்தையும் தராது. ‘விழிப்புச் சோதனை’ அழகான சொல், ஆனால் உறக்க நிலையிலிருந்து கணினியை எழுப்புவது தனிச் செயல். அதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ‘தொடக்கச் சோதனை’ நல்ல போட்டியாளர். அதில் எனக்கு உள்ள குறை ஒன்றுதான்: சோதிப்பது யார் என்று அது சொல்லவில்லை. பையனும் மீட்டரை வைத்துக்கொண்டு தொடக்கத்தில் ஒரு சோதனை செய்கிறான் அல்லவா? இயந்திரம் தானே செய்துகொள்வது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். ஆன் செய்யும்போது நடப்பது என்பதைச் சூழலே சொல்லிவிடும். தேவையான இடத்தில் மட்டும் ‘தொடக்கத் தற்சோதனை’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து அம்மா ஒருவர் எழுப்பிய மறுப்பு நியாயமானது: ‘தற்காலிகம்’, ‘தற்போது’ ஆகியவற்றின் பழக்கத்தால் ‘தற்சோதனை’ தற்காலிகச் சோதனை என்று காதில் விழாதா? தற்காலிகத்தில் வருவது வடமொழியின் ‘தத்காலம்’. நம் ‘தன்’ வல்லினத்துக்கு முன்னால் ‘தற்’ ஆகும் வழி வேறு: தற்காப்பு, தற்கொலை, தற்சார்பு, தற்பெருமை. செயலைக் குறிக்கும் பெயரோடு ‘தற்’ சேர்ந்தால் மக்கள் தன்னை என்றே கொள்கிறார்கள். கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் கேட்டபோது, “தானே டெஸ்ட் பண்ணிக்கிறது” என்றுதான் சொன்னார்கள். ‘சுயபரிசோதனை’ வேண்டாம். அது மனிதர்கள் தங்கள் நடத்தையைப் பற்றிச் செய்வது, போதாக்குறைக்கு நீளம்.

‘தேறு’ ஏன்? பெயர்ச்சொல்லை மட்டும் ஆக்கிவிட்டு வினையை ‘பாஸ் ஆனது, ஃபெயில் ஆனது’ என்று விட்டால் வாக்கியம் பாதியில் கைவிட்டுவிடும். பரீட்சையில் தேறினான், காய்ச்சலில் கிடந்தவர் தேறிவிட்டார், இரண்டும் நம் வீட்டுப் பேச்சு. பழுதுபார்ப்பவருக்கு இரண்டு பொருளும் வேண்டும். ஒரு கவனம் மட்டும் தேவை. ‘இந்த போர்டு தேறாது’ என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பொருள். ‘தேறவில்லை’ என்றால் இந்த முறை முடிக்கவில்லை, இன்னும் வழி இருக்கிறது. கெப்பாசிட்டர் உப்பி, பலகை கருகிப் போனால் ஒழிய ‘தேறாது’ எழுதக் கூடாது என்று கையேட்டில் விதியாகவே சேர்த்துவிடலாம். ஆகவே சீட்டில் எழுத வேண்டியவை: மின் ஏறவில்லை, தற்சோதனை தேறவில்லை, இயங்குதளம் ஏறவில்லை. மூன்றாவதற்கு ‘பூட் ஆகவில்லை’ என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. அது ஏற்கெனவே சரியான இடத்தைத்தான் காட்டுகிறது.

தற்சோதனையின் முடிவைப் பலகை சொல்லும் பீப் ஒலிகளுக்கு வருவோம். ‘ஒலிக்குறிப்பு’ என்றார் ஒருவர். அது இலக்கணத்தில் சலசல, படபட போன்றவற்றுக்குப் போய்விட்டது. ‘பீப்’ இருக்கட்டும், நாகசுரத்தையே பிள்ளைகள் பீப்பீ என்று சொல்லும் மண் இது, அந்த ஒலி நமக்கு அயலில்லை. ‘பீப் குறி’ போதும். நான் உண்மையிலேயே கேட்டுக்கொள்வது வேறொன்று. நீளமான பீப்பை ‘நெடில்’ என்றும், சின்ன பீப்பை ‘குறில்’ என்றும் எழுதுவோம். ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவை, விளக்கவே வேண்டாம். ஒரு குறில் ஒலித்தால் பல பயாஸ்களில் தேறியது என்று பொருள். அவார்டு நிறுவனத்தின் பயாஸில் ஒரு நெடிலும் இரண்டு குறிலும் வந்தால் வீடியோவைப் பார். அமி நிறுவனத்தின் பயாஸில் அதே வீடியோ நினைவகக் கோளாறுக்கு எட்டுக் குறில். போனிலேயே “எத்தனை நெடில், எத்தனை குறில்?” என்று கேட்டால் திருக்குவளையில் இருக்கும் பள்ளி ஆசிரியர் சரியாக எண்ணிச் சொல்லிவிடுவார். நிறுவனத்துக்கு நிறுவனம் குறிகள் மாறும் என்பதால் பயாஸின் பெயரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். புதுப் பலகைகள் பலவற்றில் ஸ்பீக்கரே வருவதில்லை. செயலி, நினைவகம், வீடியோ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. அவற்றுக்குத் ‘தற்சோதனை விளக்குகள்’ என்றே பெயர் வந்துவிடுகிறது.

எஸ்எம்பிஎஸ், ரேம், பயாஸ் மூன்றையும் அப்படியே விடுகிறேன். அவற்றால் எந்தக் குழப்பமும் வருவதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேம் போட்ட புதுக் கணினியை முதல் தடவை ஆன் செய்யும்போது, பலகை அந்த ரேமோடு ஒத்துப்போகத் தன் நேரக் கணக்குகளைச் சீர்செய்துகொள்ளும். சில நிமிடங்கள்வரை திரை கறுப்பாகவே இருக்கும். நம் பிள்ளைகள் பயந்துபோய் நடுவிலேயே அணைத்துவிடுகிறார்கள், அது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இதைத் ‘தேறவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் இது ‘மெமரி டிரெய்னிங்’; ‘நினைவகப் பயிற்சி’ என்று நேராகப் பெயர்த்தால் ஏதோ ஞாபகசக்தி வகுப்பு போல இருக்கிறது. ‘ரேம் பழக்கம்’, ‘ரேம் இசைவு’ என இரண்டு சொற்கள் என் கையில் இருக்கின்றன. எனக்கு ‘ரேம் இசைவு’ பக்கம் மனம் சாய்கிறது: “இசைவு நடக்குது, அணைக்காதீங்க” என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வருகிறது. மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து