பாம்பன்ல இருந்து ஒரு சந்தேகம்: ஹேவ், ஹேஸ் எங்கே போடக் கூடாது?

பாம்பன்ல ஆட்டோ ஓட்டுறேன். வெளியூர் ஆட்களை தனுஷ்கோடி வரைக்கும் கூட்டிட்டுப் போவேன். 6 மாசமா இங்கிலீஷ் பேசிப் பழகுறேன், பிரசென்ட் பெர்ஃபெக்ட்ல, அதான் ஹேவ், ஹேஸ் போட்டுப் பேசுற இடத்துல, வந்து தரை தட்டி நிக்குது.

"பார்த்தேன்"னா 'ஐ சா', "பார்த்திருக்கேன்"னா 'ஐ ஹேவ் சீன்'. இப்படித்தான் பிடிச்சு வெச்சிருந்தேன், நல்லாவே ஓடுச்சு. போன வாரம் இடிஞ்ச சர்ச் முன்னாடி நின்னு, 'சைக்ளோன் ஹேஸ் டிஸ்ட்ராய்ட் திஸ் டவுன் இன் 1964'ன்னு எடுத்து விட்டேன். சவாரி வந்த டீச்சரம்மா, "வருஷம் சொல்லிட்டா ஹேஸ் வராதுப்பா, வெறும் டிஸ்ட்ராய்ட்தான்"னாங்க. நாம "நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு"ன்னு தாராளமா சொல்றோமே! அதே பழக்கத்துல 'யெஸ்டர்டே' கூடவும் ஹேஸ் வந்து ஒட்டிக்குது.

யூடியூப் பார்த்தாச்சு. கோ, வென்ட், கான் மனப்பாடம். பையனோட பத்தாம் வகுப்பு கிராமர் பயிற்சியையும் போட்டுப் பார்த்தேன், எழுதினா சரியா வருது. 'ஹேவ் யூ பீன் டு தனுஷ்கோடி?' கூட தடுமாறாம கேட்டுடுவேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாத்தான் சிக்கல்.

தமிழ்ல "இருக்கு"ன்னு முடியுற இடத்துல ஹேவ் வேணுமா வேண்டாமான்னு, பேச்சு ஓட்டத்துலயே பிடிக்க நீங்க என்ன பயிற்சி செஞ்சீங்க?