பெயர் தெரிஞ்ச சிற்பத்துக்கு முன்னால் என்ன எழுதுறது?

தாமிரபரணிக்கரை:
திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயில்ல இளவரசியைத் தோள்ல தூக்கிட்டுப் போற அந்தத் தூண், நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆய்வேட்டுக்கு அதை எடுத்தா, கலை வரலாற்றாளர் பனோஃப்ஸ்கியோட மூணு படியில (கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்றது, அது யார், என்ன கதைன்னு பெயர் சொல்றது, உள்ளர்த்தம் தேடுறது) முதல் படியிலேயே சறுக்குது. “குறவன் இளவரசியைக் கடத்துகிறான்”னு முதல் வரி விழுந்துடும். குறவன், இளவரசி, கடத்தல் மூணுமே இரண்டாம் படிச் சொல். முதல் படியில “தோளில் பெண்ணை ஏற்றிய ஆண்” மட்டும்தான். எடை எந்தக் கால்ல இறங்குது, அவ கை எதைப் பிடிச்சிருக்கு, முகம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஒரு பக்கம் எழுதணும். அவ முகத்துல பயம் உண்டான்னு கண்ணு தேடுறது அப்பதான். பெயரை முன்னாடியே வச்சுட்டா, பார்க்காத பயத்தையும் கை எழுதிடும்.

கல்லுளி:
அண்ணாச்சி, முதல் படி சரி. இரண்டாம் படி இங்க அப்படியே செல்லாது. 1939-ல பனோஃப்ஸ்கி எழுதினது ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியத்தை வச்சு. அங்க கதை இருக்கிற நூலை விரிச்சுப் படத்தோட ஒத்துப் பார்க்கலாம். கழுகுமலை வெட்டுவான் கோயில் விமானத்துல தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறாரே! சின்முத்திரை, சுவடின்னு அவரோட வழக்கமான அடையாளப் பட்டியலோட போனா அவரை அடையாளமே தெரியாது. பெயர் சொல்றது அவர் இருக்கிற தெற்குத் திசை. குறிப்பேட்டுல “கோயிலோட எந்த முகம், எந்தத் தளம்”னு தனிக் கட்டம் போடாதவங்க அங்க தப்பு பண்ணுவாங்க.

பொதிகைக்காற்று:
தெற்கு முகம்னதும் ஒண்ணு. கழுகுமலையில சித்திரை பிறந்ததுலருந்து ஆவணி நடு வரைக்கும் உச்சிச் சூரியன் வடக்க சாஞ்சிருக்கும், தெற்கு முகம் நிழல்ல கிடக்கும். அந்த மிருதங்கத்தைப் படம் பிடிக்க மார்கழி, தை.

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லணும். கலை வரலாற்றாளர் வோல்ஃப்லின் 1915-ல வச்ச, ரெண்டு படைப்பைப் பக்கத்துல பக்கத்துல வச்சு எதிர்ச்சொல் ஜோடிகளால பாணியை அளக்கிற ஒப்பீட்டு முறைக்கு கர்ணன் சிலை நல்ல ஜோடி; கிருஷ்ணாபுரத்துலயும் உண்டு, நெல்லையப்பர் கோயில்லயும் உண்டு. ரெண்டையும் ஒரே லென்ஸ், ஒரே தூரம், கேமரா சிலையோட நெஞ்சு உயரத்துல. கிட்டப் போய் அகல லென்ஸ்ல எடுத்தா முன்னால நீட்டின கை பெருத்துடும், அதையே சிற்பியோட பாணின்னு எழுதி வைப்பாங்க. எண்ணெய் ஏறின கல்லுல நேர் வெளிச்சம் பளபளத்து உளித்தடத்தை மறைக்கும். அனுமதி வாங்கி, டார்ச்சைப் பக்கவாட்டுல கல்லை ஒட்டிப் பிடிங்க. நகக்கண் வரைக்கும் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கம்னு படத்தோடயே குறிங்க. கோடு அழுத்தமா, நிழல் அழுத்தமாங்கிற வோல்ஃப்லினோட முதல் எதிர்ச்சொல் ஜோடியே வெளிச்சத்துல புரண்டுடும்.

கல்லுளி, வெட்டுவான் கோயிலை இந்த ஒப்பீட்டுக்கு இழுக்கிறதா இருந்தா கவனம். 8-ஆம் நூற்றாண்டுல மேலருந்து கீழ குடைஞ்சு வந்து பாதியில நின்ன வேலை அது. சிகரம் முடிஞ்சிருக்கு, கீழ கல்லு கரடாவே நிக்குது. அந்தக் கரட்டைப் பாண்டியர் பாணின்னு எழுதிடக் கூடாது.