எம்.பி.ஏ. நேர்காணல் அறையில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

அல்சூர்வாசி:

எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வில் நல்ல பெர்சன்டைல் வாங்கியும் நேர்காணலில் ஏன் கைவிட்டுப் போனது என்று புரியாமல் தவிக்கிற தம்பி தங்கைகள் நம் பெங்களூரில் நிறைய பேர். பிப்ரவரி வந்தால் அழைப்புக் கடிதமும் வயிற்றுக் கலக்கமும் சேர்ந்தே வரும். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

நான் இரண்டு வருடம் அடுத்தடுத்துப் போனேன். முதல் வருடம் பயிற்சி நிலையத்தில் கொடுத்த பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "ஏன் எம்.பி.ஏ.?" என்று கேட்டதும் "தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள" என்றேன். எதிரில் ஒரு பேராசிரியர், ஒரு கம்பெனி அதிகாரி. அதிகாரி அமைதியாக, "போன மாதம் ஆபீசில் நீங்களாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்" என்றார். மூன்று வருடம் சாப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவன். ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா மளிகைக் கடை வைத்திருப்பதை விண்ணப்பத்தில் பார்த்துவிட்டு, "ரெப்போ விகிதம் ஏறினால் அந்தக் கடைக்கு என்ன ஆகும்?" என்று பேராசிரியர் கேட்டார். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி என்று இலக்கணம் ஒப்பித்தேன். கடைக்கு என்ன ஆகும் என்று மறுபடி கேட்டார். "பாதிப்பு இருக்கும் சார்" என்பதோடு நின்றுபோனேன்.

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே உட்கார்ந்தேன். அப்பாவின் பற்று நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். ரெப்போ ஏறி வீட்டுக் கடன் தவணை கூடிய வீடுகளில் ஐந்தாம் தேதி வரவேண்டிய பணம் பதினைந்துக்குத் தள்ளிப் போயிருந்தது. போன வருடம் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நோட்டிலேயே இருந்திருக்கிறது!

இரண்டாம் வருடம் முதல் கேள்வியே, "அல்சூரா? ஏரிக்கரை திருவள்ளுவர் சிலை ஏன் அத்தனை வருடம் மூடிக்கிடந்தது?" கேட்டவர் கன்னடக்காரர். தொண்டை வறண்டுவிட்டது. 1991இல் வைத்த சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 வருடம் மூடியே இருந்தது, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தார்கள், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள் என்று சொன்னேன். "எதிர்த்தவர்கள் தவறு செய்தார்களா?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தேன், அவரும் அவசரப்படுத்தவில்லை. "காவிரிக் கலவரத்தில் எங்கள் தெருவில் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். தன் ஊரிலேயே தன் மொழி ஒதுங்கிப் போகிறதே என்று என் கன்னட நண்பனின் தாத்தா வருத்தப்பட்டதையும் கேட்டிருக்கிறேன். இரண்டு சிலையும் ஒரே வாரத்தில் திறந்ததால்தான் யாருக்கும் தோற்ற மாதிரி இல்லை" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், அவருக்குப் பிடிக்குமா என்று பார்த்துச் சொல்லவில்லை.

அப்புறம் பேச்சு கடைக்கு வந்தது. "வராத கடன் மொத்தம் எவ்வளவு?" என்றார்கள். "தெரியாது சார், கூட்டிப் பார்த்ததில்லை. ஆனால் நோட்டிலிருந்து எடுக்க முடியும்" என்றேன். எப்படி என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். மிச்ச நேரம் முழுவதும் அந்தத் தாளில்தான் போனது. இடம் கிடைத்தது.

கே.ஆர்.புரம் அக்கா:

தம்பி, எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் பி.காம். முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். அதை மறைக்க ஏதாவது ஆன்லைன் கோர்ஸ் போட்டுக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். ஆஸ்பத்திரி பில்லுக்கும் இன்சூரன்ஸ் கொடுத்த தொகைக்கும் ஏன் வித்தியாசம் வந்தது, அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்ற செலவிலும் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று அதிலிருந்தே கேட்டார்கள். நான் அலைந்து தெரிந்துகொண்ட விஷயம், அதனால் தடுமாறவில்லை. மறைத்திருந்தால் பேச ஒன்றும் இருந்திருக்காது.

எலக்ட்ரானிக் சிட்டி:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். படித்த கல்லூரியில் பழைய மாணவர் என்ற முறையில் சில வருடம் நேர்காணல் பேனலில் கூப்பிட்டார்கள். வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற மாதிரி நாங்கள் அறிவை அளந்துகொண்டு இருப்பதில்லை. அதைக் கேட் தேர்வின் 120 நிமிடம் ஓரளவு அளந்துவிடுகிறது. இவரை வகுப்பில் உட்கார வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்ப்போம். அகமதாபாத் ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரி 1961இல் தொடங்கி அமெரிக்காவின் ஹார்வர்டோடு கைகோத்த காலத்திலிருந்தே நம் நாட்டில் கேஸ் முறைப் பாடம் வந்துவிட்டது. ஒரு கம்பெனியின் சிக்கலைக் கொடுத்து மாணவர்களையே விவாதிக்க விடுவார்கள். அங்கே அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியாதவர் வகுப்பையே கெடுத்துவிடுவார். அதனால்தான் வேண்டுமென்றே மறுத்துப் பேசுவோம். முகம் சிவக்கிறதா, உடனே ஆமாம் சார் என்று கட்சி மாறுகிறாரா, இல்லை யோசித்துத் தன் கருத்தைத் திருத்திக்கொள்கிறாரா என்று கவனிப்போம்.

99க்கு மேல் பெர்சன்டைல் வாங்கிய ஒருவர், டீமை நடத்தினேன் என்று எழுதியிருந்தார். டீமில் இளையவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதே நாளில் கிருஷ்ணகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்த பையன் ஒருவன் வந்தான். ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வந்தது. மாங்கூழ் ஆலையில் சீசன் நேரத்தில் லாரிகள் வரிசையில் நிற்க நிற்கப் பழம் கெட்டு விலை இறங்குவதைச் சொல்லி, வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கினால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டான். எங்கள் மூவருக்கும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டது தெரியவே இல்லை. அவனுக்கு ஆங்கிலம் கல்லூரியில் வந்துவிடும் என்று நான் வாதாடினேன், மற்ற இருவரும் அதற்கு முன்பே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

புதியவன்:

அண்ணா, எனக்கு அடுத்த வாரம் நேர்காணல். தெரியாது என்று எத்தனை முறை சொல்லலாம்? பயமாக இருக்கிறது.

அல்சூர்வாசி:

தம்பி, எண்ணிக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் நீ செய்த வேலையிலும் நீ வளர்ந்த ஊரிலும் தெரியாது என்று சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறையும், வா. விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுவா, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நான் ஏன் என்று கேட்கிறேன். அப்பாவும் கேட்பார், அவர் கேள்விதான் கஷ்டமாக இருக்கும்.