மூளை முடக்குவாதம், 5 வயது: மூன்று தெரபிஸ்ட், மூன்று திட்டம். ஒன்றாக்குவது எப்படி?

கேள்வி (சிறப்பாசிரியர், வட்டார வள மையம்)
குழந்தைக்கு இரண்டு காலிலும் இறுக்கம். வாக்கர் பிடித்து நடக்கிறாள், ஜி.எம்.எஃப்.சி.எஸ். (நடமாட்டத் திறனை 1 முதல் 5 வரை பிரிக்கும் அளவுகோல்) நிலை 3. பத்துப் பதினைந்து சொல் பேசுவாள். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வீட்டுப் பயிற்சியாக பிசியோ 40 நிமிடம், ஸ்பீச் 30, ஆக்குபேஷனல் தெரபி (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) 30 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். தனிநபர் கல்வித் திட்டத்தை நான் எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில் (பிசியோ)
திட்டத்தை அப்புறம் எழுதலாம். எதெல்லாம் இன்னும் பரிசோதிக்கவில்லை என்று முதலில் பாருங்கள் டீச்சர். காது, கண், வலிப்பு, இடுப்பு. மூளை முடக்குவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது, நான்கில் ஒன்றுக்கு வலிப்பு இருக்கிறது. இடுப்பு ஆரம்பத்தில் வலிக்காது, அதனால் யாரும் கேட்பதில்லை. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தைவிட்டு 30 சதவீதத்துக்கு மேல் வெளியே இருந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாளா, எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை மயக்கத்தில் இருக்கும் நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டு 'கவனம் இல்லை' என்று எழுதுவது வழக்கமாக நடக்கிற தப்பு.

பதில் (ஸ்பீச் தெரபிஸ்ட்)
100 நிமிடம் நடக்கவே நடக்காது. அம்மாவை உட்காரவைத்து, காலை எழுந்ததிலிருந்து இரவு தூங்கும்வரை அன்றாடம் நடப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பயிற்சியை அதற்குள்ளேயே நுழைக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்கட்டும், மேசை முழங்கை உயரம். கால் தொங்கினால் அடியில் செங்கலோ பலகையோ வையுங்கள். பிசியோவின் வேலை அதில் முடிந்தது. ஸ்பூன் பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றினால் நழுவாது, அது ஆக்குபேஷனல் தெரபி. சட்னியையும் சர்க்கரையையும் காட்டி "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு 10 வினாடி சும்மா இருங்கள், அது எங்கள் பங்கு. கெட்டுப்போவது அந்த 10 வினாடியில்தான். பெரியவர்கள் இரண்டாவது வினாடியிலேயே பதிலையும் சொல்லிவிடுவார்கள்.

இலக்கு மூன்று போதும். 'பேச்சு மேம்படும்' என்பதெல்லாம் இலக்கே இல்லை. 'மதிய உணவில், யாரும் தூண்டாமல், சொல்லாலோ சைகையாலோ "இன்னும்" என்று 5 தடவையில் 4 தடவை கேட்பாள், 8 வாரம்.' இப்படி எழுதினால்தான் வகுப்பாசிரியரால் எண்ணிப் பார்க்க முடியும்.

பதில் (தலைமையாசிரியர்)
கழிப்பறையை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள். யார் கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? எழுதாவிட்டால் பதினோரு மணிக்கு அம்மாவுக்கு போன் போகும், பத்து நாளில் குழந்தை வீட்டிலேயே நின்றுவிடும். சாய்தளம் 1:12-ஐவிட (1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்) செங்குத்தாக இருந்தால் வாக்கரோடு ஏற முடியாது.

திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். 'குழு' என்று போட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள். வர முடியாத தெரபிஸ்டை போனில் சேர்த்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினாலே போதும். ஒரே பக்கம், பெற்றோர் கையெழுத்து, எல்லோருக்கும் ஒரு நகல். ஊனச் சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு. சான்றிதழ் நகலும் கோப்பில் இருக்கட்டும்.

கேட்டவர்
நன்றி. காது பரிசோதனை ஒன்றரை வயதில் செய்தது, நார்மல். இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததே இல்லை.

பிசியோ
அப்படியானால் எக்ஸ்ரே முதலில். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டிச்சில்லு மேலே பார்க்க, கால் நேராக இருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். கால் திரும்பியிருந்தால் அளவு தப்பாக வரும். காதையும் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தால் பழைய நார்மல் ரிப்போர்ட் செல்லாது.