அப்பா விட்டுச்சென்ற ஒன்பது பழைய எலெக்ட்ரிக் கிட்டார்கள்: இணையத்தில் விற்பது எப்படி?

மூத்தமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஷிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் வசிக்கிறோம். 1971இல் பொறியாளராக அமெரிக்காவுக்கு வந்த என் தகப்பனார் கடந்த டிசம்பரில் காலமானார். விடுமுறை நாட்களில் அடகுக் கடைகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் அலைந்து அவர் சேர்த்த ஒன்பது எலெக்ட்ரிக் கிட்டார்கள் வீட்டின் நிலவறையில் இருக்கின்றன. எங்களில் வேறு யாருக்கும் கிட்டாரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிட அம்மா சம்மதித்திருப்பதால், ஆகஸ்டுக்குள் இவற்றுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

அப்பாவின் குறிப்பேட்டில் 1964 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1973 கிப்சன் லெஸ் பால் டீலக்ஸ், ஒரு கிரெட்ச், பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபையர் பொருத்திய சில்வர்டோன், இரண்டு ஹார்மனி, ஜப்பானில் செய்த மூன்று என்று எழுதியிருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 1983இல் அப்பாவே கராஜில் வைத்துச் சிவப்பு வண்ணம் அடித்தார். எனக்கு அப்போது ஏழு வயது, அந்த வாடை ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகவில்லை. கிரெட்ச்சின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டை பொரிந்து பொடியாக உதிர்கிறது. அதன் பெட்டியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி அடிக்கிறது.

சென்ற வாரம் பழைய கிட்டார் வியாபாரி ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, ஒன்பதுக்கும் சேர்த்து 9,000 டாலர் தருவதாகவும், மூன்று நாளுக்கு மேல் அந்த விலை நிற்காது என்றும் சொல்லிப் போனார். அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது நியாயமான விலைதானா? இணையத்தில் விற்பதானால், படம் எடுப்பதற்கு முன் நன்றாகத் துடைத்துப் புதுத் தந்தி மாட்ட வேண்டுமா? கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தானே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான். அதை அங்கே அனுப்ப முடியுமா?

ஈயப்பற்று எழுதியது:

சகோதரி, உங்கள் தகப்பனாரின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நியூ ஜெர்சியில் இருபது ஆண்டுகளாகக் கிட்டார் பழுதுபார்த்து வருகிறேன். வாங்கி விற்கும் கடைக்காரர், கடையில் என்ன விலைக்குப் போகுமோ அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை கொடுப்பதுதான் வழக்கம். வாடகையும், பொருள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் அபாயமும் அவருடையவை என்பதால் அதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நாள் கெடு வைத்தார் என்பதை நான் ரசிக்கவில்லை. அறுபது ஆண்டு இருந்த கிட்டாருக்கு மூன்று நாளில் விலை குறைந்துவிடாது. உங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளும் அசலானவை என்றால், வண்ணம் மாற்றிய நிலையிலும் அது ஒன்றே அவர் சொன்ன மொத்தத் தொகையை நெருங்கக்கூடும்.

1964 என்ற எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்கு முன் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஆலையில் செய்தவற்றுக்குத் தனி விலை. ஆகவே குறிப்பேட்டில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பி விளம்பரம் எழுதாதீர்கள். கழுத்தை உடலோடு இணைக்கும் உலோகத் தகட்டில் L என்ற எழுத்தோடு எண் இருந்தால் அது 1960களின் முற்பாதியைக் காட்டும். ஆனால் தகடு நான்கு திருகில் கழன்று வருவது, தனியாகவும் விற்கப்படுவது. உள்ளே இருப்பதுதான் சாட்சி. தந்தியைத் தளர்த்தி முன்பலகையைத் திறந்தால் ஒலியளவு, தொனிக் குமிழ்களின் முதுகில் ஏழு இலக்கங்கள் பொறித்திருக்கும். 1376423 என்றிருந்தால், 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளரின் எண், 64 ஆண்டு, 23 அந்த ஆண்டின் வாரம். அந்த வாரத்துக்கு முன் அந்தக் கிட்டார் பிறந்திருக்க முடியாது. பின் எப்போது வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். கழுத்தின் அடிக்கட்டையில் ரப்பர் முத்திரையாக ‘2 MAY 64 B’ என்பது போல இருக்கும். அந்த 2 என்பது தேதி அல்ல, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான குறியீடு. B என்பது கழுத்தின் அகல வகை. இதைத் தேதியாகப் படித்துத் தவறாக விளம்பரம் செய்தவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கழுத்தைக் கழற்றத் தைரியம் இல்லையென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, உங்கள் கண்ணெதிரில் கழற்றச் சொல்லுங்கள்.

கிப்சனில் வரிசை எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 1960களின் எண்களையே 1970களிலும் திரும்பப் பொறித்தார்கள். அதன் தலைப்பகுதிக்குப் பின்னால், கழுத்து வளைந்து செல்லும் இடத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தலை ஒடிந்து ஒட்டப்பட்ட கிப்சன் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் பாதி விலைதான். டீலக்ஸில் சிறிய அளவு பிக்கப்புகள்தாம் அசல். பெரியதைப் பொருத்துவதற்காக மரத்தைக் குடைந்திருந்தால் அதையும் எழுதிவிட வேண்டும்.

துடைப்பதைப் பொறுத்தவரை, உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேசை நாற்காலிக்குப் போடும் பாலிஷ் வேண்டாம், துருப்பிடித்த திருகை மாற்ற வேண்டாம், உள்ளே மின்கம்பிகளை இணைக்கும் பழைய ஈயப் பற்றைத் தொடவே வேண்டாம். வாங்குபவர் காசு கொடுப்பதே அந்தத் தொடாத ஈயப் பற்றுக்காகத்தான். பெட்டிக்குள் கிடக்கும் பழைய ரசீது, தோள்பட்டை, உடைந்த கைப்பிடி எதையும் எறியாதீர்கள்.

கிரெட்ச் மட்டும் அவசரம். அந்த வெள்ளைப் பட்டை செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். அது சிதையும்போது வெளிவிடும் ஆவி உலோகப் பாகங்களை அரித்துவிடும், மூடிய பெட்டிக்குள் இன்னும் வேகமாக. இன்றைக்கே வெளியே எடுத்து, மற்றக் கிட்டார்களிடமிருந்து தள்ளிக் காற்றோட்டமாக வையுங்கள்.

குளிர்தேசத்தான் எழுதியது:

மின்னசோட்டாவிலிருந்து ஐந்து கிட்டார்களை நானே விற்றவன். ஈயப்பற்று ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஒன்பதையும் தனித்தனியாக விற்பதற்கு நான் உடன்பட மாட்டேன். ஹார்மனி, ஜப்பானின் டைஸ்கோ போன்ற வகைகள் சில நூறு டாலர் பெறுபவை. ஒவ்வொன்றுக்கும் இருபது படம், நாற்பது விசாரணை, ஒரு பெரிய அட்டைப் பெட்டி, அஞ்சல் செலவு என்று கணக்குப் போட்டால் கூலி கட்டாது. அவற்றைக் கடைக்கே கொடுத்துவிட்டு, ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால், கிரெட்ச், சில்வர்டோன் நான்கையும் மட்டும் இணையத்தில் போடுங்கள். இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ரிவெர்ப் என்ற இணையத்தளத்தில் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் சில சமயம் சிரிப்பை வரவழைக்கும். தளக் கட்டணமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு எட்டு டாலர் அளவில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அனுப்பும்போது நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் கிட்டாரைப் பெட்டியோடு அட்டைக்குள் வைத்து, சுற்றிலும் மெத்தென்று அடைத்து அனுப்பினேன். பெட்டி கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது, உள்ளே தலை ஒடிந்திருந்தது. காரணம், பெட்டிக்கு வெளியே அடைத்தேனே ஒழிய, உள்ளே தலைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தை அடைக்கவில்லை. கீழே விழுந்த அதிர்ச்சியில் தலையின் எடையே அதை ஒடித்துவிட்டது. தந்தியை இரண்டு மூன்று சுருதி தளர்த்தி, தலைக்கு அடியிலும் இருபுறமும் சுருட்டிய துணியை இறுக வைத்து, கிட்டார் பெட்டியை அசைத்தால் சத்தம் வரக்கூடாது என்ற நிலைக்கு வந்த பின்தான் அட்டையை மூட வேண்டும். காப்பீட்டு உச்சவரம்பை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க அஞ்சல் துறையில் அது 5,000 டாலர். வாங்குபவர் கையெழுத்திட்டுத்தான் பெற வேண்டும் என்ற ஏற்பாடும் கட்டாயம். குளிர்காலம்வரை விற்பனை நீண்டால், வந்து சேர்ந்த பெட்டியை ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்த பிறகே திறக்கும்படி எழுதி ஒட்டுங்கள். சில்லிட்ட பழைய லாக்கர் பூச்சின் மேல் சூடான காற்று பட்டால் கண்ணெதிரே கோடு கோடாக வெடிக்கும்.

தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன் என்பவர், கேட்டதற்கு மேல் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்பவர், கடைசி நேரத்தில் முகவரி மாற்றச் சொல்பவர் மூவருக்கும் பதிலே எழுத வேண்டாம். நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு கிட்டாரைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அதனால் உள்பாகங்களையும் மரத்தின் ரேகைகளையும் அனுப்புமுன் நெருக்கமாகப் படமெடுத்து வையுங்கள்.

வரி பற்றி ஒரு வார்த்தை. வாரிசாக வந்த பொருளுக்கு, உங்கள் அப்பா கொடுத்த விலையன்று, அவர் காலமான நாளின் சந்தை மதிப்பே அடக்க விலையாகக் கொள்ளப்படும். அந்த மதிப்பை எழுத்தில் வாங்கிக் கணக்காளரிடம் கொடுங்கள்.

தோதகத்தி எழுதியது:

கோயம்புத்தூர் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1964 ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் விரற்பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கும். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது. அமெரிக்காவுக்குள் விற்கத் தடையில்லை, ஆனால் நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டுமானால், தடைக்கு முந்தைய மரம் என்ற சான்றிதழை அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையிடம் பெற்றாக வேண்டும். 2019 நவம்பரில் இசைக்கருவிகளுக்குக் கொடுத்த விலக்கு மற்ற ரோஸ்வுட் வகைகளுக்குத்தான், இதற்கு இல்லை. சுங்கவரி வேறு. பின்னாளில் ஃபெண்டர் பயன்படுத்தியது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அப்படி ஒன்றாக இருந்தால் உங்கள் தம்பிக்கு எளிதாக அனுப்பியிருக்கலாம்.

மூத்தமகள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வியாபாரியிடம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். பழுதுபார்ப்பவர் ஒருவர் முன்னிலையில் நேற்று ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திறந்தோம். தகட்டில் L எண் இருக்கிறது, கழுத்தில் ‘2 MAY 64 B’ தெளிவாக இருக்கிறது. ஆனால் மூன்று குமிழ்களில் இரண்டில் 1376418, ஒன்றில் மட்டும் 1376639. அந்த ஒன்றின் ஈயம் மற்றவற்றைவிடப் பளபளக்கிறது. கழுத்து பொருந்தும் குழியில் அப்பாவின் சிவப்புக்கு அடியில் பழைய மஞ்சளும் கறுப்பும் தெரிகின்றன. இதை எப்படி எழுதி விற்பது?

ஈயப்பற்று எழுதியது:

இதைவிட நல்ல செய்தி வந்திருக்க முடியாது. ஒரு குமிழ் எப்போதோ பழுதாகி மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1966இல் செய்த குமிழ்கள் ஃபெண்டரிடமே அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் இருப்பில் இருந்தன என்பதால் அது எளிதில் கிடைத்த பாகம். மஞ்சளும் கறுப்பும் என்றால் அது ஆலையிலிருந்து, நடுவில் மஞ்சளாகவும் ஓரம் நோக்கிக் கறுத்தும் இருக்கும் சன்பர்ஸ்ட் வண்ணத்தில் வந்த உடல். சிவப்பைச் சுரண்டிப் பழையதை மீட்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தலைப்பில் ‘1964 ஸ்ட்ராட்டோகாஸ்டர், வண்ணம் மாற்றப்பட்டது’ என்று முதல் வரியிலேயே போடுங்கள். அடுத்து, ‘1983இல் முந்தைய உரிமையாளரால் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது, முதலில் சன்பர்ஸ்ட், கழுத்துக் குழியின் படம் காண்க. கழுத்து 1964 மே முத்திரை. குமிழ்கள் இரண்டு 1964இன் 18ஆம் வாரம், ஒன்று 1966இன் 39ஆம் வாரம், பின்னர் மாற்றப்பட்டது, ஈயப் பற்றின் படம் காண்க’ என்று எழுதுங்கள். பிக்கப்புகளின் அடிப்பாகத்தைப் படமெடுக்க மறந்திருந்தால், பலகையை மூடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். முதல் விசாரணையே அதைத்தான் கேட்டு வரும்.