மறு: மாத்திரையில் ‘கேப்பிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> ‘மாத்திரை உடைதல்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன? எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் போதாது. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாத்திரை தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மாத்திரை இரண்டாகப் பிளந்தால் ஒரு காரணம், ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஒரு காரணம், மேல்பகுதி மட்டும் சில்லுபோல முழுசாகக் கழன்று வந்தால் அதற்குத் தனிக் காரணம். மூன்றையும் ‘உடைதல்’ என்று எழுதிவைத்தால் எந்தத் திருகைத் திருப்புவது என்று தெரியாது.

கடைசியாகச் சொன்னதுதான் கேப்பிங். மாத்திரைக்கு வடிவம் தரும் அச்சுக்குழியில் விழும் மருந்துக் குறுணைகளுக்கு இடையே காற்று இருக்கிறது. அழுத்தும்போது அது வெளியேற வேண்டும். எந்திரத்தை வேகமாக ஓட்டினால் அதற்கு நேரம் கிடைக்காது; காற்று உள்ளேயே இறுகிவிடும். அழுத்தம் விலகி மாத்திரை குழியைவிட்டு மேலே வரும்போது சற்றே விரியும், அப்போது மேல்முகம் கழன்றுகொள்ளும். குறுணை அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தாலும், அதில் நுண்பொடி கூடியிருந்தாலும், அச்சுக்குழி தேய்ந்திருந்தாலும் இதே கதிதான். புதிதாக வந்தவர்கள் “உடைகிறதே, இன்னும் அழுத்து” என்பார்கள். அழுத்தினால் பெரும்பாலும் இன்னும் மோசமாகும். வேகத்தைக் குறைக்க வேண்டும். அல்லது முதலில் லேசாக ஓர் அழுத்தம் கொடுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம் முழு அழுத்தம் கொடுக்க வேண்டும்.

> ஈரம் கூடினால்தானே மாத்திரை கெடும்?

கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். ஈரம் மிஞ்சினால் குறுணை எந்திரத்தில் அழுத்தும் தண்டின் முகத்தில் ஒட்டும். மாத்திரைமேல் பொறித்த எழுத்து பிய்ந்துபோகும். இங்கே கோடையான ஜனவரி மாதத்தின் ஈரமான டர்பன் காற்றைத் தொழிற்கூடத்துக்குள் அப்படியே விட்டால் இந்தத் தொல்லைதான். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலம் இதற்கு நேர் எதிர். அங்கே குறுணை காய்ந்து, மேல்முகம் கழலும் பக்கம் சாயும். அறையின் ஈரப்பதத்தை இரவும் பகலும் கட்டுக்குள் வைப்பது இதற்காகத்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். முன்பு வந்த ‘தொப்பி கழலல்’ ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டதுபோல இருக்கிறது. ‘முடி கழலல்’ என்றால் மருந்துக்கடையில் எண்ணெய் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். என் பரிந்துரை: முகடுபெயர்தல். மாத்திரையின் மேல்வளைவு முகடு. ஒட்டியிருந்தது பாளமாக விட்டு வருவதைப் பெயர்தல் என்கிறோம், சுவரில் காரை பெயர்ந்தது என்பதுபோல. “இந்தத் தொகுதியில் முகடு பெயர்கிறது” என்று வினையாகவும் தடையின்றி வருகிறது. இதன் உறவான லேமினேஷன், அதாவது மாத்திரை நடுவில் அடுக்கடுக்காக விடுவது, ஏடுபிரிதல்.

உதிர்வதற்கு ‘உதிர்மை’ என்று அக்கா ஒருவர் தந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை அளக்கும் சோதனையில், சுழலும் உருளையில் மாத்திரைகளை நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிடம் உருட்டுவார்கள். எடை இழப்பு 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் உருளையிலிருந்து எடுக்கும்போது ஒரு மாத்திரைக்கு முகடு பெயர்ந்திருந்தாலும் எடை எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம், சோதனை தோல்விதான். இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று?

> வயிற்றில் மாத்திரை கட்டவிழ்வதற்குச் ‘சிதைவு’?

மருந்து வேதியியல்படி கெட்டுப்போவதற்கும் சிதைவு என்றே எழுதுகிறோம், குழப்பம் வரும். ‘குலைவு’ எனலாம். பூச்சில்லாத சாதாரண மாத்திரை 37 பாகை நீரில் 15 நிமிடத்துக்குள் குலைய வேண்டும். வழவழப்புக்காகச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டை அதிக நேரம் கலந்தால் அது குறுணையைப் போர்த்தி நீரை அண்டவிடாது. குலைவு தாமதமாகும், மாத்திரையின் உறுதியும் குறையும்.

மாத்திரையா குளிசையா என்ற வழக்கை நான் தொடவில்லை. ஈழத்து நண்பர்கள் குளிசை என்றே எழுதட்டும்.

மீதி ஒன்று: மேலும் கீழும் வந்து அழுத்தும் அந்த உலோகத் தண்டு. ‘பஞ்ச்’ என்பதைத் தமிழில் எழுதினால் மருந்துத் தொழிலில் அது பஞ்சு ஆகிவிடுகிறது! ‘அழுத்தி’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. பட்டறை வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.