நினைவுக்கல்லில் ஒரு சொல்

சென்ற கோடையில் குடும்பத்துடன் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிக்குப் போயிருந்தோம். வெஸ்டன்சோய்லண்ட் என்ற சிற்றூரை ஒட்டிய வயல்வெளியில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1685 ஜூலை 6 அன்று, அரசர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துக் கிளம்பிய மன்மத் கோமகனின் கலகப்படை அரசப்படையிடம் தோற்ற இடம். எழுத்துக்கூட்டிப் படித்த என் மகள் ஓரிடத்தில் நின்றாள். “மரணம், தண்டனை, அப்புறம் ‘ட்ரான்ஸ்போர்ட்டேஷன்’ என்று இருக்கிறதே அப்பா, வண்டியில் ஏற்றிப் போவதா?”

தீவாந்தர தண்டனை என்றேன். அந்தப் பழைய சொல் அவளுக்குப் புரியவில்லை. கப்பலில் ஏற்றிக் கண்காணாத தீவில் விற்றுவிடுவது என்று விளக்கியதும், “விற்பதா?” என்று கேட்டாள்.

ஆம், விற்பதுதான். பிடிபட்ட சுமார் 500 பேரை முதலில் ஊர்த் தேவாலயத்தில் அடைத்தார்கள். காயம்பட்டவர்கள் 79 பேர். ஐந்து பேர் அங்கேயே இறந்ததாகத் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. இன்றும் வழிபாடு நடக்கும் அந்தக் கட்டடத்துக்குள் என்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. பிறகு நீதிபதி ஜெஃப்ரீஸ் விசாரணைக்கு வந்தார். தூக்குக்குத் தப்பிய எண்ணூறுக்கு மேற்பட்டோர் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார்கள். தலைக்கு 10 பவுன், ஏன் 15 பவுன்கூடப் பெறும் என்று அரசருக்கு அவரே எழுதினார். ஒரு நீதிபதி எழுதிய கடிதம் இது!

ஹென்றி பிட்மன் என்ற மருத்துவரின் கதை என்னை விடவே இல்லை. அவர் ஆயுதம் ஏந்தவில்லை. காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டினார். தீவுக்குப் போனதும் விடுதலை கிடைக்கும் என்று நம்பி, குடும்பத்தார் ஒரு வணிகரிடம் 60 பவுன் கொடுத்திருந்தார்கள். பணமும் போயிற்று, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸில் அவரையும் தம்பியையும் விற்றும்விட்டார்கள். முதலாளி தன் பிரம்பு சிதறும்வரை அவரை அடித்தார். 1687 மே மாதம் பிட்மன் சிறு படகில் சிலரோடு தப்பினார். தம்பி அதற்கு முன்பே அங்கு இறந்திருந்தார்.

*

அண்ணா, நினைவுக்கல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இருந்தவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். இந்தக் கைதிகளுக்காகவே அந்தத் தீவில் தனிச்சட்டம் போட்டார்கள். பத்தாண்டு ஊழியம், காசு கொடுத்தும் மீள முடியாது. தப்ப முயன்றால் 39 கசையடி, நெற்றியில் சூடு. இதைச் சொல்லிச் சிலர் ‘வெள்ளையரும் அடிமைகள்தானே’ என்று முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். பிட்மனால் தன் தண்டனை நாள்களை எண்ண முடிந்தது. அதே கரும்புத் தோட்டத்தில் பக்கத்தில் நின்ற ஆப்பிரிக்கருக்கு ஆயுள் முழுதும் அடிமைத்தனம், அவர் பிள்ளைகளுக்கும் அதுவே. 1690-இல் கலகக்காரர்களுக்கு அரச மன்னிப்பு வந்தது. அது அந்த ஆப்பிரிக்கருக்கு இல்லை.

தீவின் கிழக்குக் கரையில் செயின்ட் ஜான் பகுதிக்குப் போயிருக்கிறேன். பழைய வெள்ளை ஊழியர்களின் வழிவந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே மீன்பிடித்து வாழ்கின்றன. ‘ரெட்லெக்ஸ்’ என்று அவர்களை இழிவாக அழைப்பார்கள், வெயிலில் சிவந்த கால்களைச் சொல்லி. அந்தப் பெயரை அவர்களில் ஒரு முதியவர் முன்னால் தெரியாமல் உச்சரித்துவிட்டேன். அவர் வலையைப் பின்னுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி பின்னத் தொடங்கினார்.